கண்ணில் விடும் மருந்து நெஞ்சுக்கும் போகிறது

(ஷஅபான் மாத மருத்துவ உதவி நாளன்று, ஜும்ஆவுக்குப் பின் நமது அறக்கட்டளை அலுவலக மாடியில் செயலாளர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)





ஜும்ஆ முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மாடியேறி வந்திருக்கிறீர்கள். சோறு ஆறுவதற்குள் அனுப்பிவிட முயற்சி செய்கிறோம். ஆனால் இன்றைக்குப் பேச வேண்டிய விஷயத்தை அவசரமாகச் சொல்லி முடிக்க முடியாது.

மாதாமாதம் இந்த அலுவலகத்தில் மருந்துக்கு உதவி கேட்டு வருகிறவர்களிடம், "என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வது வழக்கம். சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று என்று ஒப்பிப்பார்கள். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. சாப்பிடுகிற மருந்தைத்தானே கேட்டோம். அதைச் சாப்பிடுவதில்லை அல்லவா! இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை நாங்களே தவறாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அதனால் என்ன நடந்தது என்பதைக் கூச்சமாக இருந்தாலும் முதலில் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்திருக்கிறார். பெயர் வேண்டாம்.

அலுவலக வாசலில் ஒரு மருந்துப் பெட்டி இருந்தது பலருக்கு நினைவிருக்கும். நோயாளி மவுத்தான வீட்டில் மிஞ்சும் மாத்திரைகள், டாக்டர் மாற்றி எழுதியதால் பிரிக்காமலே கிடக்கும் மருந்துகள் எல்லாம் அதில் வந்து சேரும். வீணாகப் போவதை ஏழைக்குக் கொடுப்போம் என்ற நல்ல நிய்யத்தில்தான் வைத்தோம். அறுபது வயது தாண்டிய ஒரு ராத்தா ஒருநாள் வந்தார். கண் பிரஷருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது, கையில் காசு இல்லை என்றார். பெட்டியைத் துழாவினோம். சீல் உடைக்காத ஒரு பாட்டில் இருந்தது. அதுவும் கண் பிரஷருக்குத்தான், இதுவும் கண் பிரஷருக்குத்தான் என்று எடுத்துக் கொடுத்தோம். துஆ செய்துவிட்டுப் போனார்.

அந்த ராத்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் இன்ஹேலர் கையில் இல்லாமல் வெளியே போகமாட்டார். தெருவுக்கே தெரியும், எங்களுக்கும் தெரியும். கண்ணுக்கும் இளைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் இரவு மூச்சு முட்டியது. இன்ஹேலரை எத்தனை முறை இழுத்தும் பிடிபடவில்லை. மருமகன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்தார்கள். டூட்டி டாக்டர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டதற்கு மகள் எல்லாவற்றையும் சொன்னார், சொட்டு மருந்தைத் தவிர. மறுநாள் காலையில் ராத்தாவே மகளிடம், "கண்ணுக்கு விடுற நேரமாச்சு, அந்த பாட்டிலை எடு" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதை யாரும்மா கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்.

கொடுத்தது நாங்கள்தான். அல்லாஹ்வின் கிருபையால் நான்கு நாளில் அவர் வீடு திரும்பினார். பார்க்கப்போன எங்களை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "உதவிதானே செஞ்சீங்க தம்பி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அன்று மாலையே பெட்டியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினோம். அந்த பாட்டிலில் இருந்தது என்ன என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். கற்றதை உங்களிடம் சொல்வது எங்கள் மீது கடன்.

முதலில் நோயைப் பற்றி ஒரு சில வார்த்தை. கண் பிரஷர் என்று நாம் சொல்வதை டாக்டர்கள் கிளாக்கோமா என்பார்கள். தமிழில் கண் நீர் அழுத்த நோய். இரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. "பிரஷர் மாத்திரைதான் சாப்பிடுறேனே, கண் பிரஷரும் அதுலயே குறைஞ்சிடாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குறையும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. இதற்குத் தனியாக மருந்து வேண்டும்.

நம் பள்ளிவாசல் ஹவுளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும், மட்டம் மாறாது. கண்ணுக்குள்ளும் அப்படி ஒரு நீர் ஊறி ஊறி வடிந்துகொண்டிருக்கிறது. அழும்போது வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. வடிகால் அடைத்துக்கொண்டால் ஹவுள் வழிந்து ஓடிவிடும். கண்ணுக்கு வழிய இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, பின்பக்கம் மூளைக்குப் போகிற பார்வை நரம்பை நசுக்கிவிடும். சாதாரணமாக இந்த அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்கும் என்று கணக்கு. 21க்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல் நரம்பையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

இந்த நோயில் வலி பெரும்பாலும் கிடையாது. பார்வை ஓரத்திலிருந்து போகும். நடுவில் கடைசிவரை தெரிந்துகொண்டிருக்கும். நேரே இருக்கும் எழுத்தைப் படிப்பார், பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாது. கண்புரையைப் போல ஆபரேஷன் செய்து போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழகக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அது இருப்பதே தெரியாது. இந்த மாடியில் இப்போது நூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த பாட்டிலுக்கு வருவோம். அதில் எழுதியிருந்த பெயர் டிமோலால். பீட்டா பிளாக்கர் என்னும் மருந்து வகையைச் சேர்ந்தது. ஹவுளுக்கு வடிகாலைச் சரிசெய்ய முடியாவிட்டால் குழாயைக் கொஞ்சம் மூடலாம் அல்லவா? டிமோலால் செய்வது அதைத்தான். கண்ணுக்குள் ஊறும் நீரைக் குறைக்கிறது. அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இறங்கும்.

இதன் வரலாறு கொஞ்சம் சுவையானது. பீட்டா பிளாக்கர்கள் முதலில் இதயத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1960களில் உருவாக்கிய புரோப்ரனோலால் நெஞ்சுவலிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த மருந்தைக் கொடுத்தால் கண் அழுத்தமும் குறைகிறது என்பதை 1967இல் கவனித்தார்கள். ஆனால் அதைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகும். அந்தக் குறை இல்லாத டிமோலால் 1978இல் அமெரிக்காவில் சொட்டு மருந்தாக வந்தது. அதற்கு முன் இருந்த பைலோகார்பினை ஒரு நாளைக்கு நான்கு வேளை விட வேண்டும். கண்மணி சுருங்கிவிடும், மங்கலாகத் தெரியும், புருவம் வலிக்கும். டிமோலாலோ இரண்டு வேளை போதும், பார்வை மங்காது. டாக்டர்கள் கொண்டாடியதில் ஆச்சரியமில்லை. இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. விலையும் குறைவு. நம்மைப் போன்ற அறக்கட்டளைக்கு அது சாதாரண விஷயமல்ல.

ஆனால் அது வந்த பிறகு ஒன்று நடந்தது. 1978 முதல் 1985 வரை அமெரிக்காவில் இந்தச் சொட்டு மருந்தைத் தொடர்புபடுத்தி மூச்சுக் கோளாறு, இதயக் கோளாறு என்று 450 கடுமையான பாதிப்புகள் பதிவாகின. அதில் 32 பேர் இறந்துபோனார்கள். பலருக்கு ஏற்கெனவே நுரையீரலிலோ இதயத்திலோ நோய் இருந்தது. கண்ணில் விட்ட ஒரு சொட்டு!

எப்படி என்று எங்களுக்கும் முதலில் புரியவில்லை. சுர்மா இட்டவர்களுக்கும் கண் மருந்து விட்டவர்களுக்கும் ஓர் அனுபவம் இருக்கும். சற்று நேரத்தில் தொண்டையில் கசக்கும். கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். கண்ணில் விட்ட மருந்தில் பெரும்பகுதி அந்த வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்குள்ள சவ்வு வழியாக இரத்தத்தில் கலந்துவிடுகிறது. விழுங்கும் மாத்திரையாவது முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு பங்கு அழிந்த பிறகுதான் உடம்புக்குள் போகும். இதற்கு அந்தத் தடையும் இல்லை. நேராக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகிறது. அளவு சிறிதுதான். ஆனால் ஊசி போட்டது மாதிரி.

நுரையீரலில் மூச்சுக்குழாய்களை விரித்து வைக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. பூட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இளைப்புக்காரர் இழுக்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி. டிமோலால் போய் அந்தப் பூட்டின் துவாரத்தையே அடைத்துவிடுகிறது. மூச்சுக்குழாய் சுருங்கும், சாவியும் உள்ளே நுழையாது. அந்த ராத்தா எத்தனை முறை இழுத்தும் பிடிபடாததன் காரணம் இதுதான். இதை எங்களுக்கு விளக்கிய டாக்டர் படம் வரைந்து காட்டினார். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஆகவே ஆஸ்துமா உள்ளவர்கள், முன்பு இருந்து இப்போது இல்லை என்பவர்கள், பீடி சிகரெட்டால் நெஞ்சு கெட்டு இருமிக்கொண்டிருப்பவர்கள், நாடித்துடிப்பு இயல்பிலேயே மெதுவாக இருப்பவர்கள், இதயத்தில் மின்னோட்டத் தடை இருக்கிறது, இதயம் வீங்கி பலவீனமாக இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் எல்லாரும் கண் டாக்டரிடம் இதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். கூட்டம் அதிகமுள்ள ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைத்தான் பார்ப்பார்; நெஞ்சைப் பற்றி நாம்தான் வாய் திறக்க வேண்டும். பெட்டாக்சோலால் என்று இதே வகையில் நுரையீரலைச் சற்றுக் குறைவாகத் தொடும் மருந்து இருக்கிறது. ஆனால் ஆஸ்துமாக்காரர் அதையும் டாக்டர் பார்த்துக் கொடுக்காமல் விடக் கூடாது.

எல்லாருக்கும் இப்படி மூச்சு முட்டித்தான் தெரியும் என்பதில்லை. தஹஜ்ஜுதுக்கு எழும்போது தலை சுற்றுகிறது, படி ஏறினால் களைப்பு, மனசு சுருங்கிக் கிடக்கிறது, ஆண்களுக்கு வெளியே சொல்ல முடியாத பலவீனம். இதையெல்லாம் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். வயசுதான் காரணமாக இருக்கலாம். சொட்டு மருந்து ஆரம்பித்த பிறகு வந்ததா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். இதயத்துக்காக ஏற்கெனவே அட்டினோலால், மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவர்களுக்கு இது அதே வகை மருந்தை இரண்டு வழியாகக் கொடுப்பதாகிவிடும். நாடி மிகவும் இறங்கக்கூடும். இந்தக் குடும்பத்து மருந்துகளை அடையாளம் காண ஒரு சின்ன வழி உண்டு. பெரும்பாலும் பெயர் 'லால்' என்று முடியும். வெராபமில் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும்.

பாட்டிலின் மேல் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது கம்பெனி வைத்த பெயர். உள்ளே என்ன மருந்து என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். இப்போது பல பாட்டில்களில் இரண்டு மருந்துகளைச் சேர்த்து அடைக்கிறார்கள். பிரிமோனிடினோடு டிமோலால், டார்சோலமைடோடு டிமோலால், லாட்டனோபிராஸ்ட்டோடு டிமோலால் என்று வருகின்றன. ஒருவருக்கு இங்கே ஒரு டாக்டர் கொடுத்த பாட்டில் இருந்தது. சவுதியிலிருந்து மகன் வேறு பெயரில் ஒன்று அனுப்பியிருந்தார். வெளிநாட்டு மருந்து நல்லதுதானே என்று இரண்டையும் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டிலும் டிமோலால். நாங்கள் கேள்வியை மாற்றிக் கேட்க ஆரம்பித்த பிறகு கண்டுபிடித்த முதல் ஆள் அவர்தான். பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இப்போது எங்களுக்கு ஒரு பயம் வருகிறது. இந்தக் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனதும் யாராவது பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடுவீர்களோ என்று. தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். டிமோலால் விடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது எந்தத் தொல்லையும் தராமல் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியதால் கண்ணை இழந்தவரையும் இதே ஊரில் பார்த்திருக்கிறோம்.

பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த காக்கா ஒருவர். நல்ல மனிதர், நம் கல்வி உதவி நிதிக்கு முதல் வருஷத்திலிருந்து கொடுத்தவர். கண் அழுத்தம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம்போல விட்டார். "விட்டாலும் ஒரே மாதிரிதான் தெரியுது, விடாட்டியும் ஒரே மாதிரிதான் தெரியுது, எதுக்கு இது?" என்று நிறுத்திவிட்டார். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அந்த 'ஒரே மாதிரி'தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து, கடையில் துணியைக் கிழிக்கும்போது அளவு தவற ஆரம்பித்த பிறகுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு கண்ணில் அநேகமாக எதுவும் மிச்சமில்லை. மறு கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரியும். இப்போது பேரன் கையைப் பிடித்துத்தான் பள்ளிக்கு வருகிறார். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே மூச்சு முட்டுகிறது, மயக்கம் வருகிறது என்றால் அடுத்த சொட்டை விடாமல் பாட்டிலோடு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மற்றபடி சந்தேகம்தான் என்றால் மருந்தை விட்டுக்கொண்டே போய்க் கேளுங்கள். டிமோலால் ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. இரவில் ஒரு வேளை மட்டும் விடும் லாட்டனோபிராஸ்ட் போன்ற சொட்டுகள் இருக்கின்றன, லேசர் இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது. அந்த ராத்தாவுக்கு முதலில் எழுதியிருந்ததும் லாட்டனோபிராஸ்ட்தான். அவருடைய டாக்டர் இளைப்பைக் கேட்டுத் தெரிந்துதான் அதை எழுதியிருக்கிறார். விலை கொஞ்சம் கூடுதல். அந்தச் சில நூறு ரூபாய்க்குப் பத்து நாள் அவர் காத்திருக்க வேண்டி வந்ததே, உண்மையில் எங்களுடைய முதல் தவறு அதுதான். பெட்டியைத் திறந்தது இரண்டாவது.

சரி, மருந்தை எப்படி விடுவது? நம்மில் பாதிப் பேர் தவறாகத்தான் விடுகிறோம். கையைக் கழுவிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. பட்டால் கிருமி உள்ளே போய்விடும். இரண்டு சொட்டு விட்டால் இரண்டு மடங்கு பலன் என்று நினைக்கிறார்கள். கண்ணால் ஒரு சொட்டையே முழுதாகப் பிடித்து வைக்க முடியாது. மீதி கன்னத்தில் வழியும், இல்லையென்றால் மூக்குக்குள் போகும். விட்டதும் கண்ணைச் சிமிட்டாமல் மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது. ஐந்து நிமிடம் பிடித்தால் இரத்தத்தில் கலக்கும் மருந்து பாதிக்கும் மேல் குறைகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தும் கண்ணிலேயே தங்கி நன்றாக வேலை செய்யும். ஐந்து நிமிடம் முடியாவிட்டால் இரண்டு மூன்று நிமிடமாவது பிடியுங்கள். கடிகாரம் தேவையில்லை. ஃபஜ்ர் தொழுதுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே சொட்டை விட்டு, ஒரு கை மூலையை அழுத்தியிருக்க, மறுகை விரல்களில் 33, 33, 34 என்று தஸ்பீஹை நிதானமாக ஓதி முடியுங்கள். நேரம் சரியாக இருக்கும். எங்கள் தலைவர் அவர்களின் உம்மா இப்படித்தான் செய்கிறார்கள். இந்த யோசனையே அவர்களுடையதுதான்.

வேறு சொட்டு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது வந்து முதலாவதை அடித்துக்கொண்டு போய்விடும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள், மிச்சம் இருந்தாலும் சரி. டிமோலாலை ஒரு வேளை மட்டும் எழுதினால் பெரும்பாலும் காலையில் விடச் சொல்வார்கள். இரவில் கண் தானாகவே நீர் ஊறுவதைக் குறைத்துக்கொள்வதுதான் காரணம்.

ரமளான் வாசலில் நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் இந்த மாதத்தில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோன்பு முறிந்துவிடுமோ என்ற அச்சம். ஒரு மாதம் கண் அழுத்தம் ஏறி நிற்பது நரம்புக்கு நல்லதல்ல. நம் இமாம் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். கண் என்பது வயிற்றுக்குச் செல்லும் திறந்த வழியல்ல என்பதால் ஷாஃபி மத்ஹபிலும் சரி, ஹனஃபி மத்ஹபிலும் சரி, கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது என்று விளக்கம் தந்தார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் இருந்தால் கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்றே தீர்மானம் எழுதியிருக்கிறது. அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்குச் சொல்கிறோம். டிமோலால் இரண்டு வேளை மருந்துதான். ஸஹருக்கு எழுந்ததும் ஒரு சொட்டு, மஃரிப் தொழுதபின் ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டால் பகலில் விடவே வேண்டாம். டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று வேளை எழுதியிருப்பவர்கள் பகல் வேளையில் விடும்போது, முன்பு சொன்னபடி மூலையை அழுத்திப் பிடித்தால் கசப்புத் தொண்டைக்கு வருவதும் குறையும். நெஞ்சுக்கும் நல்லது, நோன்புக்கும் பேணுதல்.

நோன்பு வைக்கும் சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சர்க்கரை இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அதை வைத்துத்தான் நாம் உஷாராகிறோம். டிமோலால் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டும் வரும். ஆகவே இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு நோன்பு வைப்பவர்கள், படபடப்பு இல்லையே என்று இருந்துவிடாமல், அஸருக்குப் பிறகு க்ளுக்கோமீட்டரில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு வைக்கலாமா என்பதையே முன்கூட்டி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

வாலிபர்களுக்கும் வேலை இருக்கிறது. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ, உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. 40 வயதைத் தொட்டவர்கள் ஒரு தடவை கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்ளுங்கள். கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இல்லாத கண் அழுத்தத்தை அதுவே கொண்டுவந்துவிடும்.

இனி அலுவலக விஷயம். மருந்துப் பெட்டி திரும்ப வராது. மிச்ச மருந்தை யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம். அதற்குப் பதில் பணமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம். டிமோலால் ஒத்துவராது, வேறு சொட்டுதான் விட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்தக் கூடுதல் விலையை மருத்துவ நிதியிலிருந்து கொடுக்க நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. மறு பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சீட்டோடு வாருங்கள். விண்ணப்பப் படிவத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: கண்ணில் என்ன விடுகிறீர்கள்? அதற்கு அடுத்த வரி: இளைப்பு உண்டா?

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கீழே மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். வீட்டில் இருக்கும் சொட்டு மருந்து பாட்டில்களையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது, எங்களுக்கே கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லை. கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் பூதக்கண்ணாடியோடு இருந்து உள்ளே என்ன மருந்து என்று படித்து ஒரு அட்டையில் எழுதித் தருவார்கள். அந்த அட்டையை ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதலில் எடுத்துக் காட்டுங்கள். அன்று பெண்கள் பக்கத்து மேசையில் அந்த ராத்தாவே வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.